கொசுவுக்காக ஏற்றி இறக்கிய நீர்மட்டம்

நீர்த்தேக்கத்தின் மட்டத்தை வாரந்தோறும் ஏறக்குறைய ஓர் அடி இறக்குவார்கள், மறுபடி ஏற்றுவார்கள். பாசனத்துக்காக அல்ல, மின்சாரத்துக்காகவும் அல்ல. கரையோரப் புல்லுக்கிடையே வளரும் கொசுப் புழுக்கள் தரைதட்டிச் சாக வேண்டும் என்பதற்காக. அமெரிக்காவின் டென்னசி ஆற்றில் இப்படிச் செய்தார்கள். பத்துப் பேரில் மூவருக்கு மலேரியா இருந்த வட்டாரங்கள் அங்கே உண்டு. 1940களின் இறுதிக்குள் அந்த நோய் அங்கிருந்து ஏறக்குறைய ஒழிந்தே போனது.

இதைச் செய்தது டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற அரசு அமைப்பு. நான் சிவில் டிப்ளமோ படித்தபோது அந்த ஆணையம் என்றால் அணைகள்தான். உயரம், கொள்ளளவு, மின் உற்பத்தி என்று மனப்பாடம் செய்தோம். கொசுவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஓர் ஏழை ஆற்றுப் படுகையை மாற்றுவது அணை மட்டுமே அல்ல, அணையைச் சுற்றி நடக்கும் சின்னச் சின்ன வேலைகளும்தான் என்று இன்று உறுதியாக நம்புகிறேன்.

சான்று அந்த ஆற்றிலேயே இருக்கிறது. அலபாமாவின் மசில் ஷோல்ஸில் வில்சன் அணை 1924இலேயே கட்டி முடிந்துவிட்டது. முதல் உலகப் போரில் வெடிமருந்து செய்யும் நைட்ரேட் ஆலைகளுக்காகத் தொடங்கிய அணை அது. அணை வந்தும் சுற்றுப்புற விவசாயியின் வாழ்வு மாறவில்லை. பருத்தியும் மக்காச்சோளமும் விடாமல் பயிரிட்டு மண் செத்துக்கொண்டிருந்தது. மழை பெய்தால் மேல்மண் ஆற்றோடு போனது. நூறு பண்ணைகளில் மூன்றில்தான் மின்விளக்கு எரிந்தது. அந்த ஆலைகளை கார் அதிபர் ஹென்றி ஃபோர்டு 50 லட்சம் டாலருக்குக் கேட்டார். செனட்டர் ஜார்ஜ் நோரிஸ் விடவில்லை. அவர் நெப்ராஸ்காக்காரர். டென்னசி ஆறு அவருடைய மாநிலத்தின் பக்கம்கூடப் போவதில்லை. அவற்றை அரசே நடத்த அவர் நிறைவேற்ற வைத்த மசோதாக்களை இரண்டு குடியரசுத் தலைவர்கள் நிராகரித்தார்கள். மூன்றாமவரான ரூஸ்வெல்ட் 1933 மே 18 அன்று கையெழுத்திட்டார், ஆணையம் பிறந்தது.

அதன்பிறகு நடந்ததுதான் என்னைக் கட்டிப்போடுகிறது. வெடிமருந்துக்காகக் கட்டிய இடத்தில் பாஸ்பேட் உரம் தயாரித்தார்கள். அந்த உரத்தை ஊருக்கு ஒரு சில விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். நிபந்தனை இதுதான்: சரிவுகளில் மண் அரிக்காமல் பயிர் செய்ய வேண்டும், கணக்கு எழுதி வைக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் வந்து பார்க்க விட வேண்டும். எந்த அதிகாரியின் சொற்பொழிவையும்விட, பக்கத்து வயலில் பச்சை பிடிப்பதைக் கண்ணால் பார்ப்பதை விவசாயி நம்புவான். உலகம் முழுக்க இது அப்படித்தான்.

மின்சாரத்தையும் லாபத்துக்கு விற்கவில்லை. 1934இல் மிசிசிப்பியின் டுபெலோ நகரம் முதலில் வாங்கியது. வீடுகளுக்கு முதல் யூனிட்டுகள் ஒவ்வொன்றும் மூன்று சென்ட். நாட்டின் சராசரியோ ஐந்து சென்ட்டுக்கு மேல். கிராமங்களில் விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் வைத்துக் கம்பி இழுத்தார்கள். குளிர்பெட்டியும் தண்ணீர் பம்பும் வாங்கக் குறைந்த வட்டியில் கடன் கிடைத்தது. செனட்டரின் பெயர் வைத்த நோரிஸ் அணையை ஆணையம் கட்டியபோது ஒரு ஷிப்ட் ஐந்தரை மணி நேரம்தான். கூடுதல் ஆட்களுக்கு வேலை கிடைத்தது, மிச்ச நேரத்தில் தொழில் கற்றுக்கொள்ளவும் முடிந்தது.

இதைப் பாராட்டும்போது மறைக்கக் கூடாதவை உண்டு. நோரிஸ் அணைக்காக ஏறக்குறைய 2,900 குடும்பங்கள் வெளியேறின. நிலத்துக்கான பணம் நிலம் வைத்திருந்தவருக்கு. விளைச்சலில் பங்குக்கு உழுதவர் வெறுங்கையோடு போனார். பணியாளர்களுக்காகக் கட்டிய நோரிஸ் நகரில் கறுப்பினத்தவருக்கு வீடு கிடையாது. பொதுப்பணத்தில் எழுந்த ஊரில் இப்படியா என்று இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

நம் நாடும் இந்த வழியைப் பின்பற்றியது. 1943 வெள்ளத்தில் தாமோதர் ஆறு கல்கத்தாவின் ரயில் தொடர்பையே துண்டித்தது. டென்னசியில் பணியாற்றிய பொறியாளர் வூர்டுயின் வந்து திட்டம் வகுத்தார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. மண் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம் எல்லாம் அதன் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தன. ஆனால் வேகம் எடுத்தது கான்கிரீட்டும் மின்நிலையமும்தான். அணைகளிலும் திலையா, கோனார், மைத்தன், பஞ்செட் என நான்கோடு கை நின்றது. மைத்தன், பஞ்செட் இரண்டிலும் திட்டமிட்ட அளவுக்கு வெள்ளத்தைத் தேக்கத் தேவையான நிலமும் முழுதாகக் கையகப்படுத்தப்படவில்லை. கீழ்ப்படுகையில் வெள்ளம் இன்றும் வருகிறது. கழகத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துக் கிடைக்கிறது. ஊரையும் வயலையும் தண்ணீருக்குக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரன்களும் இழப்பீட்டுக்கும் வேலைக்கும் பல பத்தாண்டுகள் மனுக்களோடு அலைந்தார்கள்.