ஊதா நிறம் வந்தால் அஸ்பிரின் தயாரா?

க.பொ.த. உயர்தர மாணவர்களுக்காகப் பகிரப்படும் ஒரு குறிப்பில், ஆய்வுகூடத்தில் தயாரித்த பளிங்குகளுக்குப் பெரிக் குளோரைட்டு என்ற இரும்பு உப்புக் கரைசலை விட்டு ஊதா நிறம் வந்தால் அஸ்பிரின் உருவாகிவிட்டது என்று உள்ளது. பலர் பகிர்வதால் சொல்கிறேன், உண்மை இதற்கு நேர்மாறானது.

ஊதா நிறத்தைத் தருவது பென்சீன் வளையத்தில் நேரடியாக இணைந்த ஐதரொட்சில் கூட்டம், அதாவது பீனோல். அஸ்பிரின் தயாரிக்க எடுக்கும் சலிசிலிக் அமிலத்தில் அது உண்டு. அசற்றிக் நீரிலியுடன் தாக்கமுற்றதும் அது எசுத்தர் என்ற வேறொரு கூட்டமாக மாறிவிடுவதால் தூய அஸ்பிரின் நிறம் தராது, கரைசல் வெளிர் மஞ்சளாகவே நிற்கும். ஊதா வந்தால் தாக்கமுறாத சலிசிலிக் அமிலம் எஞ்சியிருக்கிறது. எதனோல், நீர்க் கலவையில் கரைத்து மீண்டும் பளிங்காக்கி மறுபடி சோதியுங்கள்.

நீங்களே சரிபார்க்கலாம். மூன்று சோதனைக்குழாய்களிலும் 1 மி.லீ. எதனோல் எடுங்கள். ஒன்றில் சலிசிலிக் அமிலம், மற்றதில் உங்கள் பளிங்கு, இரண்டிலும் சில சிறு துணிக்கைகள் போதும். மூன்றாவதில் எதுவும் வேண்டாம். ஒவ்வொன்றிலும் 1 சதவீத பெரிக் குளோரைட்டு ஒரு துளி. வெறுங்குழாயோடு ஒப்பிட்டால் மெல்லிய ஊதாவும் பிடிபடும். சூடாக்க வேண்டாம், வெந்நீரில் எசுத்தர் உடைந்து சலிசிலிக் அமிலம் திரும்பவும் வந்துவிடும்.

திருகோணமலையின் ஈரக் காற்றில் திறந்து வைத்த பழைய மாத்திரையும் இதே காரணத்தால் ஊதா காட்டும். முகர்ந்தால் வினாகிரி மணக்கும். ஆகவே ஒப்பிட மாத்திரை எடுப்பதென்றால் புதிதாகப் பிரித்ததையே எடுங்கள்.