நாற்பது பிள்ளைக்கு ஒரு பந்து

பி.டி. பீரியட் 40 நிமிடம். வகுப்பில் 40 பிள்ளைகள். பந்து ஒன்று. அந்தப் பந்து ஒரு நொடிகூடச் சும்மா கிடக்காமல் யாராவது ஒருவர் காலிலேயே இருந்தாலும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் வரும். வரிசை நிற்க, தலை எண்ண, டீம் பிரிக்க, காம்பவுண்டுக்கு வெளியே போன பந்தை எடுத்துவர ஆன நேரத்தைக் கழித்தால் அரை நிமிடம். அதையாவது சமமாகப் பங்கு போடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. ஏற்கெனவே ஆடத் தெரிந்த ஆறேழு பேர் பந்தை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் பின்னாலேயே கூட்டமாக ஓடுவார்கள். நாலைந்து பேர், பெரும்பாலும் பெண் பிள்ளைகள், மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். 'மேட்ச் விட்டாச்சு' என்று நாம் சொல்வது இதைத்தான்.

வியர்வை வந்தது, ஓடினார்கள், சரி. பந்தைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொடுத்தோம் என்று மட்டும் சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பெரிய மேட்சே வேண்டாம் என்பது என் கட்சி. ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் கையிலும் ஒரு பந்து இருக்க வேண்டும். ஒரு பீரியடில் சில நூறு தடவையாவது அது பந்தைத் தொட வேண்டும். அதற்கு டிரில் போட்டு வாட்டத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த விளையாட்டுக்குள் பந்தை நுழைத்துவிட்டால் போதும்.

இந்த வயதில்தான் நம்மிடம் ஆளும் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 100 பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளியில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குத்தான் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. தொடக்கப் பள்ளிக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. கண்ணும் காலும் ஒன்றோடொன்று பழகும் வயதில் பிள்ளையின் பி.டி. மாஸ்டர் யார் என்றால், காலையில் கணக்கு நடத்திய மூன்றாம் வகுப்பு டீச்சர்தான். அதனால் கீழே சொல்லியிருப்பதெல்லாம் சேலை கட்டிக்கொண்டும், ஒரு தடவைகூடக் கால்பந்து ஆடாமலும் நடத்தக்கூடியவை. நீங்கள் ஆடிக்காட்டத் தேவையில்லை. விதியைச் சரியாகப் போட்டுவிட்டால் அந்த விதியே கற்றுக்கொடுத்துவிடும்.

முதலில் பந்து. பள்ளிகளுக்கான மத்திய அரசுத் திட்டமான சமக்ர சிக்ஷாவில் விளையாட்டுப் பொருளுக்கென்று தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய், நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 வரை என்று வைத்திருக்கிறார்கள். அதில் கேரம் போர்டு, ஸ்கிப்பிங் கயிறு எல்லாம் வாங்கியது போக ஒரு கால்பந்து வரும். அதுவும் 5ஆம் நம்பர் பந்து. 68 முதல் 70 செ.மீ. சுற்றளவு, 410 முதல் 450 கிராம் எடை, பெரியவர்கள் ஆடுவது. எட்டு வயதுப் பிள்ளை அதை உட்பாதத்தால், அதாவது பாதத்தின் உள்பக்கத்தால் தட்டினால் பந்து நகராது, கால்தான் வலிக்கும். உடனே பெருவிரல் நுனியால் குத்தப் பழகிவிடும். அப்புறம் அந்தப் பழக்கத்தை ஒன்பதாம் வகுப்பில் பி.டி. சார் கத்திக் கத்தி மாற்ற வேண்டியிருக்கும். எட்டு வயது வரை 3ஆம் நம்பர், அதற்கு மேல் பன்னிரண்டு வரை 4ஆம் நம்பர். தோல் பந்தெல்லாம் வேண்டாம், ரப்பர் பந்தே நம் தரைக்கு நன்றாக உழைக்கும்.

காற்று விஷயத்தில் எல்லாரும் தவறு செய்கிறார்கள். கல் மாதிரி அடித்துவைத்தால்தான் நல்ல பந்து என்று ஒரு நம்பிக்கை. நம் செம்மண் தரை ஏற்கெனவே கெட்டி. அதில் இறுகிய பந்து முயல்குட்டி மாதிரி துள்ளும், பிள்ளையால் அடக்கவே முடியாது. பிள்ளையின் இடுப்பு உயரத்திலிருந்து பந்தைக் கைவிடுங்கள். திரும்பி எழும்பும்போது முழங்காலைத் தாண்டினால் காற்று அதிகம், கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

வாங்கியது போதாதென்றால் செய்துகொள்ளலாம். செய்தித்தாள் ஏழெட்டுத் தாளை ஒவ்வொன்றாகக் கசக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி உருட்டி, பழைய சாக்ஸுக்குள்ளோ துணிக்குள்ளோ திணித்துக் கட்ட வேண்டும். சைக்கிள் கடையில் தூக்கிப்போடும் டியூபைக் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்கு வெட்டினால் வளையம் வளையமாக வரும். பத்துப் பன்னிரண்டு வளையத்தைக் குறுக்கும் நெடுக்குமாக மாட்டினால் பந்து தயார். எல்லா வளையத்தையும் ஒரே திசையில் மாட்டினால் பந்து முட்டை வடிவத்துக்குப் போய்விடும், கோணலாக உருளும். இது துள்ளாது, தூரம் போகாது. புதிதாகப் பழகும் பிள்ளைக்குக் கடைப் பந்தைவிட இதுதான் நல்லது.

அடுத்தது இடம். பல பள்ளிகளில் ஒரு வாலிபால் கோர்ட் இருக்கும். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், நடுக்கோட்டோடு சேர்த்து 9க்கு 9 என்று இரண்டு சதுரம் தயாராகக் கிடைக்கிறது. சதுரத்துக்கு எட்டுப் பத்துப் பேர். பக்கத்திலேயே சுண்ணாம்புத் தூளால் இன்னும் இரண்டு சதுரம் போட்டால் 40 பேருக்கும் ஆயிற்று. ஆரம்பிப்பதற்கு முன் எல்லாரும் குனிந்து கல் பொறுக்கட்டும், இரண்டு நிமிடம். வெறுங்காலோடு வரும் பிள்ளைகள் உள்ள பள்ளியில் இதைத் தவிர்க்கவே முடியாது. அவர்களுக்கு மதிய வெயிலில் பீரியட் போடவும் கூடாது.

முதல் வாரம் ஒரே ஒரு விதி: விசில் கேட்டதும் உள்ளங்காலைப் பந்தின்மேல் வை. கால்விரல்களும் விரல்களுக்குக் கீழே உள்ள சதையும் பந்தின் உச்சியில் படட்டும், குதிகால் தரையை நோக்கிச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும், உடல் பாரம் முழுக்க மற்றக் காலில். பாரத்தைப் பந்தின்மேல் போட்டால் பிள்ளை வழுக்கி மல்லாந்து விழும். அடிக்கடி நடப்பது இதுதான். இந்த ஒரு விதியால் பிள்ளை பந்தை நிறுத்தக் கற்றுக்கொள்கிறது, உங்களுக்கும் வகுப்பு கட்டுக்குள் வருகிறது. விசில் அடித்தால் 40 பந்தும் நிற்கும். பேச வேண்டியதை அப்போது பேசிவிடலாம். அரை நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள்.

இனி விளையாட்டு. 'கலர் கலர் வாட் கலர்' தெரியாத பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? அதையே காலில் பந்தோடு ஆடவிடுங்கள். சதுரத்துக்குள் எல்லாரும் பந்தைத் தட்டிக்கொண்டு சுற்ற வேண்டும். நீங்கள் 'பச்சை' என்றதும் பச்சை நிறம் எங்கே இருக்கிறதோ அங்கே பந்தோடு போய், உள்ளங்காலால் நிறுத்திவிட்டுத் தொட வேண்டும். யூனிஃபார்ம் எல்லாருக்கும் ஒரே நிறம் என்பதால் முன்கூட்டியே ரிப்பன், சாக்கு, வாளி, டஸ்டர் என்று சுற்றிலும் வைத்துவிட வேண்டும். பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடும் பிள்ளைக்கு 'தலையைத் தூக்கு, தலையைத் தூக்கு' என்று ஆயிரம் தடவை சொன்னாலும் தூக்காது. இந்த விளையாட்டில் நிறத்தைத் தேட அது தானாகவே தலையைத் தூக்கும். பந்தைவிட்டுக் கண்ணை எடுத்து மறுபடி பந்துக்குக் கொண்டுவரும் அந்தப் பழக்கம்தான் டிரிபிளிங்கில், அதாவது பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவதில், முக்கால் பங்கு.

இதில் ஒரு கோளாறு கட்டாயம் வரும். சூட்டிகையான பையன் பந்தை ஓங்கி உதைத்து வாளிக்குப் பக்கத்தில் அனுப்பிவிட்டுப் பின்னால் ஓடுவான். திட்டாதீர்கள். 'பந்து உன்னைவிட ரெண்டு எட்டு முன்னாடி போச்சுன்னா செல்லாது, திரும்பி வந்து ஆரம்பி' என்று விதியைச் சேருங்கள். அப்படியும் கேட்கவில்லையா, சதுரத்தைச் சிறிதாக்குங்கள். நெரிசலில் ஓங்கி உதைத்தால் பந்து யார் மேலாவது பட்டுத் திரும்பும். சின்னச் சின்னதாகத் தட்டினால்தான் வழி கிடைக்கும் என்பது இரண்டே சுற்றில் புரிந்துவிடும். 'மெதுவா தட்டு' என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் வருஷம் முடிந்துவிடும்.

அடுத்து திருடன் போலீஸ். சதுரத்தில் பத்துப் பேர், எட்டுப் பேரிடம் பந்து, இரண்டு போலீசுக்குப் பந்து இல்லை. போலீஸ் மற்றவர்களுடைய பந்தை வெளியே தட்டிவிட வேண்டும். வழக்கமாக என்ன செய்வோம்? பந்து போனவன் அவுட், ஓரமாக உட்கார். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. முதலில் அவுட்டாகிறவன் யார்? பந்து நிற்காத பிள்ளைதான். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவனை முதல் நிமிடத்திலேயே உட்காரவைத்துவிட்டு, ஏற்கெனவே தெரிந்தவனுக்கு மீதி நேரத்தைக் கொடுக்கிறோம். பி.டி. பீரியடில் அவுட் என்ற சொல்லே வேண்டாம். பந்து வெளியே போனால் ஓடி எடு, கோட்டுக்கு வெளியே நின்று வலது உள்ளங்கால், இடது உள்ளங்கால் என்று மாற்றி மாற்றி இருபது தடவை பந்தின் உச்சியைத் தொடு, உள்ளே வா. தடுமாறுகிற பிள்ளைக்குத்தான் இப்போது அதிகத் தொடுதல் கிடைக்கிறது.

போலீசுக்கும் பந்துக்கும் நடுவே உடம்பைக் கொண்டுவந்து மறைப்பதை இதில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். போலீஸ் மூன்று நான்கு பேரானால் எல்லாரும் மூலைக்குப் போய்ப் பந்தின்மேல் காலை வைத்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். ஒருவர் மட்டும் என்றால் சப்பென்று இருக்கும். நிமிடத்துக்கு ஒரு தடவை போலீசை மாற்றுங்கள்.

கதவு விளையாட்டும் நல்லது. இரண்டு கல்லை ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால் ஒரு கதவு. பத்துப் பிள்ளைக்குப் பதினைந்து கதவாவது வேண்டும், குறைந்தால் மோதிக்கொள்வார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை கதவுக்குள் பந்தோடு நுழைந்து வெளியேறினாய் என்று அவரவரே எண்ண வேண்டும். ஒரே கதவில் போய்ப்போய் வந்து கணக்கை ஏற்றுவார்கள், அதனால் அடுத்தடுத்து அதே கதவு கூடாது. இரண்டாவது சுற்றில் அடுத்தவனை அல்ல, தன் எண்ணிக்கையையே முந்த வேண்டும். மூன்றாவது சுற்று பழக்கமில்லாத காலால் மட்டும். வகுப்பில் நன்றாக ஆடுகிறவனுக்கு இந்தச் சுற்றில்தான் வேலை வரும்.

வருகிற பந்தை அடக்குவது தனிக் கலை. இரண்டு பேர், ஐந்து மீட்டர் இடைவெளி, உட்பாதத்தால் உருட்டி அனுப்ப வேண்டும். அனுப்பும்போது ஊன்றிய கால் பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, விரல்கள் பந்து போக வேண்டிய திசையைப் பார்த்து இருக்க வேண்டும். பந்து கோணலாகப் போனால் உதைத்த காலைப் பார்க்காதீர்கள், ஊன்றிய காலைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். வாங்கும்போது காலை விறைப்பாக வைத்தால் பந்து பட்டுத் தெறிக்கும், பாதத்தை உயரத் தூக்கினால் அடியில் நுழைந்து போய்விடும். பாதம் தரையிலிருந்து பந்தின் பாதி உயரத்துக்கு எழும்பினால் போதும். பந்து படும் நொடியில் காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்க வேண்டும். இதை வாயால் விளக்குவதைவிட, 'பந்து பட்டு நின்ன இடத்துக்கும் உன் காலுக்கும் நடுவுல ஒரு அடிக்கு மேல இருந்தா பாயின்ட் இல்ல' என்று சொல்லிப் பாருங்கள். காலை எப்படி இழுப்பது என்பதைப் பிள்ளைகளே பிடித்துக்கொள்வார்கள்.

கையால் பந்தைப் பிடிப்பதில் பெரிய தடை பயம்தான். பந்து வரும்போது முகத்தைத் திருப்பி, கண்ணை மூடி, இரண்டு கையையும் நீட்டி நிற்கும் பிள்ளைக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரு தடவை கெட்டிப் பந்து மூக்கில் பட்டிருக்கும். பலூனில் ஆரம்பியுங்கள். அது மெல்ல இறங்கும், கண் பின்தொடர நேரம் கிடைக்கும். பிறகு ஸ்பாஞ்ச் பந்து, இரண்டு மீட்டரிலிருந்து கையைத் தாழ்த்திக் கீழிருந்து வீசி. ரப்பர் பந்து அதற்கப்புறம். நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாலும் குற்றமில்லை, ஐந்து வயதில் அப்படித்தான் பிடிப்பார்கள்.

தரையில் தட்டி எழுப்புவதில் உள்ளங்கையால் அறைவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. விரல்களை விரித்து, விரல் சதையால் பந்தைக் கீழே தள்ள வேண்டும். பந்து இடுப்பைத் தாண்டக் கூடாது. காலுக்கு நேர் முன்னால் தட்டினால் கட்டைவிரலில் பட்டு ஓடிவிடும், காலுக்கு வெளிப்பக்கம் தட்டச் சொல்லுங்கள். நீங்கள் விரலை உயர்த்திக் காட்டுங்கள், தட்டிக்கொண்டே எத்தனை என்று அவர்கள் கத்தட்டும்.

'மேட்ச் விடலைன்னா பசங்க முகத்தைத் தூக்கி வச்சுக்குவாங்க சார்' என்பார்கள். நியாயம். கடைசிப் பத்து நிமிடம் மேட்ச் விடுங்கள், ஆனால் பக்கத்துக்கு மூன்று பேர், கோல் கீப்பர் கிடையாது, வாலிபால் கோர்ட்டே மைதானம், இரு முனையிலும் இரண்டிரண்டு சின்ன கோல். ஒரு கோலில் கூட்டம் மொய்த்தால் மற்றது காலியாக இருக்கும், தலையைத் தூக்கிப் பார்த்த பிள்ளை கோல் போடும். ஜெர்மனியில் 2024-25 பருவத்திலிருந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று பேர், நான்கு சின்ன கோல் என்ற முறையையே கட்டாயமாக்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்துக்கு ஐந்து. பதினொன்றுக்குப் பதினொன்று நாலாம் வகுப்புக்கு எதற்கு?

குறுவட்டப் போட்டி வந்தால் பதினைந்து பேரைத் தேர்ந்தெடுத்துப் பந்து முழுவதையும் அவர்களிடம் கொடுத்துவிடும் பள்ளிகளுக்கும் இதுவே பதில். அந்தப் பதினைந்து பேரை நாற்பதிலிருந்து எடுக்கிறீர்களா, பந்து தொட்டுப் பழகிய ஏழு பேரிலிருந்து எடுக்கிறீர்களா என்பது தொடக்கப் பள்ளியிலேயே முடிவாகிவிடுகிறது.

அடுத்த முறை விளையாட்டுப் பொருள் பட்டியல் எழுதும்போது கோன், பிப் (டீம் தெரிய மேலே மாட்டும் பனியன்) எதுவும் வேண்டாம், கல்லும் துணியும் போதும். 3ஆம் நம்பர் ரப்பர் பந்து எத்தனை முடியுமோ அத்தனை, ஒரு கைப்பம்பு, காற்றடிக்கும் ஊசி ஒரு பத்து. ஊசியைத் தண்ணீரில் நனைத்து நேராகச் செருகுங்கள். காய்ந்த ஊசியைச் சாய்த்துக் குத்தினால் வால்வு கிழிந்துவிடும், பாதிப் பந்துகள் அப்படித்தான் சாகின்றன. பந்துகளை வெயில் படும் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். பீரோவில் வைத்துப் பூட்டவும் வேண்டாம், சாவி வைத்திருப்பவர் லீவு போட்ட அன்று அந்தப் பீரியட் போச்சு.