பையைத் திறக்கும் நாங்களும் வாயைத் திறக்காத பிள்ளைகளும்

சென்ற தவணையின் கடைசி வாரத்தில் எமது பாடசாலையின் ஒழுக்காற்றுக் குழு கூடியபோது, மாணவர்களின் புத்தகப்பைகளைக் கிழமைக்கு ஒருமுறை முன்னறிவித்தல் இன்றிச் சோதிக்க வேண்டும் என்றும், வகுப்பறைகளுக்குள் கமரா பொருத்துவதற்குப் பழைய மாணவர்களிடம் உதவி கேட்க வேண்டும் என்றும் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. இருந்த பதினொரு பேரில் இரண்டு பேர் மட்டுமே தயங்கினோம். தயங்கியதற்கான காரணத்தை அன்று என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. "மிஸ், நீங்கள் பிள்ளைகளுக்குச் செல்லம் கொடுக்கிறீர்கள்" என்ற ஒரு வசனத்தோடு என் பேச்சு முடித்துவைக்கப்பட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் கண்டிப்புக்கு எதிரானவள் அல்ல. காலை ஏழரைக்குப் படலை மூடப்பட வேண்டும் என்பதிலும், வகுப்பு நேரத்தில் கைத்தொலைபேசி இருக்கக் கூடாது என்பதிலும், ஒருவர் மேல் ஒருவர் கை நீட்டினால் அது பதியப்பட்டு விசாரிக்கப்பட வேண்டும் என்பதிலும் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இருபத்திரண்டு வருடங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் இரண்டு வலயங்களில் படிப்பித்த அனுபவத்தில் சொல்கிறேன்: விதி தெளிவாக இருக்கும் பாடசாலையில் பிள்ளைகள் நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்குப் பிரச்சினையாக இருப்பது விதியின் பெயரால் நாங்கள் பிள்ளையின் பைக்குள்ளும், கொப்பிக்குள்ளும், குடும்பத்துக்குள்ளும் கேட்காமல் நுழைவதுதான்.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்தவள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் உயர்தரம் படிப்பதற்காக வலையிறவுப் பாலத்தைக் கடந்து நகரத்துக்கு வந்து போனேன். அந்தப் போர்க் காலத்தில் படுவான்கரைக்கும் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கும் நடுவில் வாவி மட்டும் இருக்கவில்லை என்பது இங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, பையிலிருந்ததை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைக்க வேண்டும். கொப்பிகள், கொம்பாஸ் பெட்டி, சோற்றுப் பார்சல். டோர்ச்சுக்குப் போடும் பற்றரி கூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த நாட்கள் அவை. ஒருநாள் பத்திரிகைத் தாளில் சுற்றி அடியில் வைத்திருந்த ஒரு பொதியை அங்கிருந்த பெண் சிப்பாய் எடுத்தாள். அது என்னவென்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் பிரித்துப் பார்த்துவிட்டே திருப்பி வைத்தாள். நான் எதையும் கடத்தவில்லை. ஆனாலும் பாலத்தைக் கடந்த பிறகு, கடத்திக்கொண்டு தப்பி வந்தவளைப் போலத்தான் நடந்தேன்.

அந்தச் சோதனைகள் எங்களை ஒழுக்கமானவர்களாக்கின என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அவை எங்களுக்குக் கற்றுத்தந்தது ஒன்றே ஒன்று: கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது, கேட்காததை யாரிடமும் சொல்லாமல் இருப்பது.

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு பாடசாலைப் படலையில் பைகளைத் திறந்து பார்க்கும் வழக்கம் வந்தது. அந்தக் குண்டுவெடிப்பில் இந்த நகரம் இழந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்புக்கு வந்திருந்த சிறுவர்கள். மே மாதத்தில் பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது பெற்றோர் முறை வைத்துப் படலையில் நின்றார்கள். அதை நானும் ஆதரித்தேன், இன்றும் அது தவறென்று சொல்ல மாட்டேன். சோதனையின் பாரம் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளின் மீதும் ஒரே அளவில் விழவில்லை என்பதையும் கிழக்கில் வாழ்பவர்கள் மறுக்க முடியாது. நான் சொல்ல வருவது வேறு. அன்று தேடப்பட்டது வெடிகுண்டு. சில மாதங்களில் அந்த அச்சம் அடங்கியது, ஆனால் பையைத் திறக்கும் கை நிற்கவில்லை. கையின் நோக்கம் மட்டும் மாறியது: போன், வாசனைத் தைலம், நகப்பூச்சு, காதல் கடிதம். திறப்பவர்களும் மாறினார்கள். பெற்றோர் நின்ற இடத்தில் மாணவர் தலைவர்கள் நிற்கிறார்கள். பதினேழு வயது மாணவன் ஒருவன் பதினான்கு வயது மாணவியின் பைக்குள் கை விடுவதை ஒழுக்கம் என்று எழுதி வைத்திருக்கிறோம்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன், வேறொரு பாடசாலையில், பத்தாம் தர வகுப்பொன்றில் போன் இருப்பதாக வந்த தகவலின் பேரில் நானே பைகளைச் சோதித்தேன். போன் கிடைக்கவில்லை. ஒரு பிள்ளையின் பையில் மட்டும், பாடத்துக்கு உரியதல்லாத ஒரு கொப்பி இருந்தது. அதில் அவள் தன் வீட்டைப் பற்றியும், குடிக்கும் தகப்பனைப் பற்றியும், தனக்குப் பிடித்த ஒருவனைப் பற்றியும் எழுதியிருந்தாள். நான் அதை வாசித்தேன். வாசித்ததோடு நிற்காமல் ஆசிரியர் ஓய்வறைக்குக் கொண்டு போனேன். அங்கே அது கை மாறியது. யாரோ ஒரு வரியை உரத்து வாசித்தார், சிலர் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை, ஆனால் கொப்பியைத் திரும்ப வாங்கவும் இல்லை. பின்னேரம் தாயார் அழைக்கப்பட்டார். மறுநாள் அந்தக் கதை பிள்ளைகளுக்குள்ளும் போயிருந்தது.

அவள் பாடசாலையை விட்டு விலகவில்லை, பரீட்சையிலும் தோற்கவில்லை. அதனால் எங்களைப் பொறுத்தவரை அது ஒரு சம்பவமாகவே பதியப்படவில்லை. ஆனால் அடுத்த வருடம், ரியூசனுக்கு ஏற்றிச் செல்லும் முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவரால் அவள் இரண்டு மாதங்களாகத் தொந்தரவுக்கு உள்ளாகியிருந்தாள் என்பது இன்னொரு பிள்ளையின் தாய் மூலம் எங்களுக்குத் தெரிய வந்தது. "ஏன் மகள் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்தானே மிஸ்" என்றாள். அவ்வளவுதான்.

அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு, அந்தரங்கம் என்பதைப் பிள்ளைக்குக் கொடுக்கும் சலுகையாக என்னால் பார்க்க முடியவில்லை. ஆபத்து ஒன்று வரும்போது அது எங்கள் காதுக்கு வந்து சேரும் வழியே அதுதான். பையைச் சோதிப்பதால் நாங்கள் கண்டுபிடிக்கும் பொருட்களின் பட்டியல் ஒழுக்காற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. சோதித்ததால் எங்களிடம் சொல்லப்படாமல் போனவற்றின் பட்டியல் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

குழுவில் இருந்த ஒரு சேர் நியாயமான கேள்வியொன்றைக் கேட்டார். மாவா, ஐஸ் போன்ற போதைப்பொருட்கள் பாடசாலை மதில் வரை வந்துவிட்ட காலத்தில், ஒரு பிள்ளையையாவது காப்பாற்ற முடியுமென்றால் பைகளைத் திறப்பதில் என்ன பிழை? அவர் அக்கறை இல்லாதவர் அல்ல. தன் சொந்தப் பணத்தில் மாணவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பவர். ஆனால் எங்கள் பாடசாலைக்கு அருகில் ஒரு கடையில் மாவா விற்கப்படுவது எப்படித் தெரிய வந்தது என்பதை அவரே யோசித்துப் பார்க்க வேண்டும். எட்டாம் தரத்துச் சிறுவன் ஒருவன், தன் பெயர் வெளியே வராது என்று நம்பி, விளையாட்டு ஆசிரியரிடம் சொன்னான். அவரும் அந்தப் பெயரை அதிபரிடம் கூடச் சொல்லாமல் காப்பாற்றினார். மாவாவை வைத்திருக்கும் பிள்ளை அதைப் பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பதில்லை. வரிசையில் நிற்பது எதையும் வைத்திருக்காத பிள்ளைகள்தான்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் சோதியுங்கள், நானும் வருகிறேன். ஆனால் காரணத்தைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். தனி அறையில், பிள்ளையின் முன்னிலையில், இரண்டு ஆசிரியர்களாகச் செய்யுங்கள். பெண் பிள்ளையின் பையைப் பெண் ஆசிரியர் பார்க்கட்டும். தேடியது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தேடாத ஒன்று கண்ணில் பட்டால் அதை மூடி வைத்துவிட வேண்டும். மாணவர் தலைவர்களை இதிலிருந்து முற்றாக விடுவிக்க வேண்டும். அது அவர்களுக்கும் நல்லதல்ல.

கைத்தொலைபேசி விடயத்தில் எங்களின் முரண் இன்னும் வேடிக்கையானது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கடன்பட்டாவது ஒரு போன் வாங்குங்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சியவர்கள் நாங்கள். பாடக் குறிப்பு வட்ஸ்அப்பில், வகுப்பு சூமில். மாடு விற்றும் நகை அடகு வைத்தும் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இப்போது அதே போன் கையில் இருந்தால் பறிக்கிறோம். பாடசாலை நேரத்தில் பறிப்பது சரியே. ஆனால் பறித்த போனின் இரகசிய இலக்கத்தைப் பிள்ளையை மிரட்டி வாங்கி, உள்ளே இருக்கும் படங்களையும் செய்திகளையும் ஓய்வறையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு எங்களுக்கு யார் அதிகாரம் தந்தார்கள்? பல வீடுகளில் அது தாயின் போன். அந்தத் தாய் வெளிநாட்டில் இருக்கும் கணவனுக்கு எழுதியதும் அதில்தான் இருக்கும்.

இதையெல்லாம் விட எனக்கு அதிகம் உறுத்துவது, ஒழுக்கத்தின் பெயரால் அல்ல, அன்பின் பெயரால் நடக்கும் ஒன்று. இதை வாசிக்கும் நீங்களும் நானும் இதே முகநூலில் அதற்கு விருப்பக் குறி இட்டிருக்கிறோம். படுவான்கரையின் பாடசாலைகளுக்கும் அம்பாறையின் கரையோரப் பாடசாலைகளுக்கும் புலம்பெயர்ந்த உறவுகள் கொப்பியும் சப்பாத்தும் துவிச்சக்கரவண்டியும் அனுப்புகிறார்கள். அந்த உதவி இல்லாவிட்டால் பல பிள்ளைகளின் படிப்பு நின்றிருக்கும். அனுப்பியவர்களுக்கு என் நன்றி உண்டு. ஆனால் பொருள் வந்து சேர்ந்ததற்குச் சாட்சியாகப் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்கிறோம். கீழே ஊர்ப் பெயர், பாடசாலைப் பெயர், "தந்தையை இழந்த", "தாயால் கைவிடப்பட்ட" என்ற அடைமொழி. பதினைந்து வயதுப் பெண் பிள்ளை ஒரு சோடிச் சப்பாத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, கமராவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்க்கும் படத்தை எத்தனை முறை பார்த்திருப்போம்? அந்தப் படம் அவள் திருமணப் பேச்சு வரையிலும் இணையத்தில் இருக்கும். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் பற்றுச்சீட்டு இருக்கிறது, அதிபரின் கடிதம் இருக்கிறது, பொருளை மட்டும் எடுத்த படம் இருக்கிறது. பிள்ளையின் முகம் எதற்கு?

வகுப்பு வட்ஸ்அப் குழுக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பெயரோடு பட்டியலாகப் போடுவதும், ஒரு மாணவனின் பிழையான விடைத்தாளைப் படமெடுத்து "இப்படி எழுதினால் எப்படி?" என்று கேட்பதும் நாற்பது வீடுகளின் குசினிக்குள் போய்ச் சேருகின்றன. முன்பு தேர்ச்சி அறிக்கை மூடிய உறையில் பெற்றோரின் கையில் கொடுக்கப்பட்டது. அந்த உறை காகிதம்தான், ஆனாலும் அதில் ஒரு மரியாதை இருந்தது.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16 ஆம் உறுப்புரை, பிள்ளையின் அந்தரங்கத்திலும் குடும்பத்திலும் கடிதத் தொடர்பிலும் எதேச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித கௌரவத்துக்கு இசைவாக இருக்க வேண்டும் என்று 28 ஆம் உறுப்புரை சொல்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் தொடர்பான தரவுகளை விசேட வகையில் சேர்த்திருக்கிறது; அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப் போடப்பட்டது என்பது எங்கள் நாட்டுக்கே உரிய துரதிர்ஷ்டம். பிரம்பு விடயத்தில் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் பலகாலமாக இருந்தும், ஆசிரியர் ஒருவர் அறைந்ததால் மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில் 2021 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு விதித்த பிறகுதான் பல ஓய்வறைகளில் அது உண்மையாகவே பேசப்பட்டது. அந்தரங்க விடயத்திலும் நாங்கள் ஒரு வழக்குக்காகக் காத்திருக்க வேண்டுமா?

ஒரு பிள்ளை எதைச் சொன்னாலும் எல்லாவற்றையும் இரகசியமாக வைத்திருக்க முடியாது என்பதையும் நான் அறிவேன். துஷ்பிரயோகம் என்றால் நான் சொல்லியே ஆக வேண்டும். பிரதேச செயலகத்தில் அதற்குரிய சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஆனால் அதைப் பிள்ளையிடம் முதலே சொல்லலாம்: "மகள், இதை நான் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும். யாரிடம், ஏன் என்று உனக்குச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்." தேவையான ஒருவரிடம் சொல்வதும் ஓய்வறையில் சொல்வதும் ஒன்றல்ல என்பதை எந்தப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும்.

தவணை தொடங்கி முதல் கிழமையில் குழு மறுபடியும் கூடியது. இந்தமுறை எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். முன்னறிவித்தல் இல்லாத சோதனை கைவிடப்பட்டது. கமரா படலையிலும் நடைபாதையிலும் மட்டும் என்று முடிவாகியது. பறிக்கப்படும் போனை நிறுத்தி, உறையில் இட்டு, பிள்ளையின் கையொப்பத்தோடு ஒட்டி, பெற்றோரிடம் மட்டும் ஒப்படைப்பது என்பதை எழுத்தில் போட அதிபர் சம்மதித்தார். உதவி வழங்கும் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தபோது அறை அமைதியாகிவிட்டது. நன்கொடையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று ஒருவர் சொன்னார், அந்த விடயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது. இதை வாசிப்பவர்களில் எங்கள் பிள்ளைகளுக்கு உதவி அனுப்புபவர்கள் யாராவது இருந்தால், "பிள்ளைகளின் படம் எங்களுக்கு வேண்டாம்" என்று அதிபர்களுக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதம் கையில் இருந்தால் எனக்கு வேலை இலகுவாகும்.