சனிக்கிழமை இரவு வரும் அறிவிப்பு

மறுநாள் காலை வகுப்பு உண்டு என்பதைச் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸப்பில் தெரிவிக்கும் வழக்கத்தை எந்தப் புண்ணியவான் தொடங்கி வைத்தாரோ தெரியவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வாரம் முழுவதும் கணக்கெழுதிவிட்டு, அம்மாபேட்டைக்குத் திரும்பி, குழந்தையைத் தூங்கவைத்த பிறகே எம்.காம். புத்தகத்தைத் திறக்கிற நான், அந்த நேரத்தில் யாரைத் துணைக்கு அழைப்பது? மாமியார் வளைகாப்பு ஒன்றுக்காக ஆத்தூர் போயிருப்பார். கணவருக்கு அன்றுதான் முதல் ஷிப்ட் இருக்கும்.

வருகைப்பதிவு குறைந்தால் தேர்வெழுத முடியாது என்பதை மட்டும் வகுப்பு நடத்துகிறவர்கள் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். மாணவியருக்கு மகப்பேறு விடுப்பும் வருகைச் சலுகையும் வழங்க விதி வகுக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரிலேயே கேட்டுக்கொண்டதை எடுத்துச் சொன்னால், "அதெல்லாம் எங்களுக்கு வரலைம்மா" என்று தலை நிமிராமலே பதில் வருகிறது. மண்டி முதலாளியாவது, "படிச்சு என்னம்மா பண்ணப்போற?" என்று அலுத்துக்கொண்டே தேர்வுக்கு விடுப்புக் கொடுத்துவிடுகிறார்.

இதில் ஒப்படைப்பை, அதாவது அசைன்மென்ட்டை, கையால்தான் எழுத வேண்டுமாம். அடக்கவிலைக் கணக்கின் நடுவே என் மகள் மஞ்சள் கிரேயானில் ஒரு கோழிக்குஞ்சை வரைந்துவிட்டாள் என்பதற்காக முழு ஒப்படைப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எழுதித் தொலைக்கிறேன், ஆனால் வகுப்பு உண்டா இல்லையா என்பதை வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொன்னால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?