பாட்டி நடத்திய ஞானோபதேச வகுப்பு

மெக்சிகோக் குடும்பங்களில் கத்தோலிக்க வேதத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று கேட்டால், சாமியார் என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டிதான். அதுவும் பாதி வேலை அடுப்படியில் நடந்தது.

கப்பிரோதாதா என்று ஒரு பலகாரம் உண்டு. தவக்காலத்தில் செய்வார்கள். காய்ந்துபோன ரொட்டியை வறுத்து அடுக்கி, பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய வெல்லப்பாகை ஊற்றி, உலர்திராட்சையும் சீஸும் தூவி வேகவைப்பது. வீணாகப் போகிற ரொட்டியைத் தீர்க்கிற சமையல்தான். ஆனால் அடுக்கும்போதே பாட்டி பேத்தியிடம் சொல்லிவிடுவார்: ரொட்டி இயேசுவின் உடல், பாகு அவருடைய ரத்தம், கிராம்பு ஆணி, பட்டை சிலுவை மரம், மேலே உருகுகிற சீஸ் அவரைப் போர்த்திய துணி. பெரிய வெள்ளிப் பிரசங்கம் முழுவதும் ஒரே சட்டியில் அடங்கிவிடுகிறது. கிராம்பைக் கடித்துவிட்டு முகம் சுளிக்கிற பிள்ளை அதை மறக்குமா?

மற்ற பண்டிகைகளும் இப்படித்தான். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். அன்று வெட்டுகிற ரோஸ்கா ரொட்டிக்குள் ஒரு குட்டிக் குழந்தை பொம்மை இருக்கும். அது யார் துண்டில் வருகிறதோ, அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே, அதாவது மக்காச்சோள மாவை இலையில் சுற்றி ஆவியில் வேகவைத்த பலகாரம், போட வேண்டும். தப்பிக்க முடியாது.

அந்தத் தமாலே மாவு இன்னும் பழைய கதை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து அரைப்பார்கள். ஸ்பானியர் வருவதற்கு வெகு காலம் முன்பே அங்கே இருந்த கைப்பழக்கம். சோளத்தைக் கப்பலேற்றிய ஐரோப்பியர் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். சுண்ணாம்பில் வேகாத சோளமே கதி என்று கிடந்த ஐரோப்பிய ஏழைகளுக்குப் பெல்லக்ரா என்ற சத்துக்குறைவு நோய் வந்தது.

1926-இல் மெக்சிகோ அரசு திருச்சபையை நெருக்கியபோது, ஆயர்கள் பொது வழிபாட்டையே நிறுத்திவிட்டார்கள். 1929 வரை கோவில்களில் பூசை இல்லை. வீட்டுக்குள் ரகசியப் பூசையும் ஜெபமாலையும்தான். அந்தக் காலத்தை வேதம் தாண்டி வந்ததென்றால், அதில் பெரும்பங்கு பெண்களுடையது.

இப்போது அமெரிக்காவில் நிலைமை வேறு. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, அங்குள்ள ஹிஸ்பானியப் பெரியவர்களில் (மெக்சிகோ போன்ற ஸ்பானிய மொழி நாடுகளின் வம்சாவளியினர்) கத்தோலிக்கர் 2010-இல் 67 சதவீதம்; 2022-இல் 43. எந்த மதமும் இல்லை என்பவர்கள் 10-லிருந்து 30 ஆகிவிட்டார்கள். கோவிலுக்குப் போகாத பேத்தியும் கிறிஸ்துமஸுக்குத் தமாலே சுற்ற உட்காருகிறாள். ‘பக்தி போய்விட்டது, தீனி மட்டும் மிச்சம்’ என்று சிலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டியின் பக்தியில் நம்பிக்கை அறிக்கையைவிடக் கைவேலைதான் அதிகம் இருந்தது. அந்தக் கைவேலை தொடர்கிறதே.

எனக்கு எரிச்சல் வேறொரு விஷயத்தில். பாட்டியின் அன்பு, பாட்டியின் கைமணம் என்று உருகுகிற பதிவுகளை எழுதுகிறவர்களில் பேரன்களும் நிறைய. ஆனால் மாவு பிசையும் மேசைக்குப் பெரும்பாலும் பேத்திகளைத்தான் கூப்பிட்டார்கள். பேரன்கள் வெந்த பிறகு வந்தார்கள். சங்கிலி அறுகிறது என்று திருச்சபையும் குடும்பமும் சேர்ந்து கவலைப்படுகின்றன. வீட்டில் பாதிப் பேருக்கு அந்தப் பாடமே நடத்தப்படவில்லை என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. பேத்தியும் இரண்டு ஷிப்ட் வேலைக்குப் போகிற வீட்டில், பிப்ரவரி 2-க்குத் தமாலேயைக் கடையில்தான் வாங்குவார்கள்.