இன்பொக்ஸை வாடகைக்கு விடாதேங்கோ

"விலை இன்பொக்ஸில்" என்று போடுகிற பேஜ்காரரோடு எனக்கு நெடுநாள் கோபம். கடைக்குள் போய் ஒரு சாமானைத் தூக்கிக் காட்டி "என்ன விலை?" என்று கேட்டால் முதலாளி காதுக்குள் வந்து சொல்லுவாரோ? விலையைக் காட்சிக்கு வைக்க வேணும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் கடைக்காரருக்குச் சொல்லுது. பேஸ்புக்கில் மட்டும் அது பரம இரகசியம்.

சரி, அதை விடுவம். இப்போது எரிச்சல் இன்னொரு படி ஏறியிருக்கு. எல்லோரையும் இன்பொக்ஸுக்கு இழுத்துவிட்டு, அந்த இன்பொக்ஸையே பேஜ் பார்த்துப் பதில் போடுகிற ஒரு ஏஜென்சியிடம் மாதக் காசுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வன்னியில் சின்னதாகத் தொழில் செய்கிற ஆக்களும் இதைத் தொடங்கிவிட்டார்கள். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் கிளிநொச்சிப் பக்கம். எங்களுடையது சின்ன ஆலை. மிளகாய்த்தூள், குரக்கன் மா, ஒடியல் மா, காலத்துக்குக் கச்சான். எங்களைப் போன்றவர்களுக்கு பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் விளம்பரப் பலகை மட்டும் இல்லை, அதுதான் கடையின் முன்வாசலே. வாங்குகிறவர் ரொறன்ரோவில் இருப்பார், சாமான் வவுனியாவில் இருக்கிற அவருடைய அம்மாவுக்குப் போகும். ரொறன்ரோவில் இரவுச் சாப்பாடு முடித்து போனை எடுக்கிற நேரம் எங்களுக்கு விடிந்து ஆலை ஓடத் தொடங்குகிற நேரம். லண்டன்காரர் வேலை முடிந்து கேட்கிறபோது நாங்கள் பாயை விரிக்கிறோம். கையெல்லாம் தூளோடு நிற்கிற மனிசன் எப்படி மெசேஜுக்குப் பதில் போடுகிறது? ஆகவே உதவிக்கு ஆள் வேணும் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை.

வேலையை வெளியில் கொடுப்பதும் எங்களுக்குப் புதிது இல்லை. கணக்கு எழுத மாதத்தில் ஒருநாள் ஆள் வருவார். லேபல் டிசைன் யாழ்ப்பாணத்தில் ஒரு பெடியன் செய்கிறான், முகம் பார்த்ததில்லை, வேலை சுத்தம். டெலிவரி கூரியர்காரர் பாடு. அவசரம் என்றால் இரவுக் கொழும்பு பஸ்ஸில் கொண்டக்டரிடம் பார்சலைக் கொடுத்து நம்பரை அனுப்பிவிடுகிறோம். இதற்கெல்லாம் ஒருவரை முழுநேரமாக எடுத்தால் சம்பளத்துக்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎப்) 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈரிஎப்) 3 வீதமும் நான் போட வேணும். அது அவர்களுடைய உரிமை, போடத்தான் வேணும். ஆனால் மாதத்தில் சில மணித்தியால வேலைக்கு முழு ஆளை வைத்திருக்க இந்த ஆலை தாங்காது.

வாங்குகிறவர் பார்க்காத வேலை யார் கையால் நடந்தாலும் அவருக்கு ஒன்றுதான். அவர் வாய் திறந்து கேட்கிற இடம் அப்படி இல்லை.

முல்லைத்தீவுப் பக்கம் கருவாடு விற்கிற எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் பேஜை வெளியூர் ஏஜென்சி ஒன்றிடம் கொடுத்திருந்தார். படங்கள் நல்ல வடிவு. ஒருநாள் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறாள்: "அம்மாவுக்குப் பிரஷர், உப்புக் குறைஞ்ச கட்டாக் கருவாடு இருக்கோ?" வந்த பதில் இது: "ஆம், உண்டு! ஓடர் செய்ய உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கத்தை அனுப்பவும்." பக்கத்தில் சிவப்பு இருதயம் இரண்டு. அக்காவிடம் உப்புக் குறைந்த கருவாடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்த வெயிலில் உப்பைக் குறைத்தால் கருவாடு நாறிப் போகும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏஜென்சியில் இருந்து பதில் போட்ட பிள்ளை கருவாடு காயப்போட்டதைக் கண்டிருக்க மாட்டாள், அவளில் பிழை சொல்ல ஏலாது. பார்சல் போனது, காசு வாசலில் கொடுக்கிற முறை, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன கூலியும் வந்த கூலியும் அக்காவின் தலையில். பேஜில் எல்லோரும் பார்க்க ஒரு கொமென்ட் வேறு. ஏஜென்சி மாத முடிவில் "இந்த மாதம் பதில் வேகம் மிக நன்று" என்று நிறம் நிறமாக அறிக்கை அனுப்பியது.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்காமல் ஏ9இல் போன ஆள் குறைவு. அங்கே அத்தனை கடையும் ஒரே கச்சானைத்தான் விற்கிறது. ஆனாலும் "இது இண்டைக்கு வறுத்ததோ அம்மா?" என்று கேட்டால், அவ ஒரு பிடி அள்ளிக் கையில் வைத்து "திண்டு பாருங்கோ" என்கிறா. இன்பொக்ஸில் வருகிற கேள்வியும் அநேகமாக அதேதான். எங்களிடம் அடிக்கடி வருவது, "போன முறை வந்த தூளைவிட இது கறுப்பா இருக்கே, ஏன்?" மல்லி கொஞ்சம் கூட வறுபட்டிருக்கும், அல்லது செத்தல் மிளகாய் வேறு இடத்தில் எடுத்ததாக இருக்கும். வறுத்த தாச்சிக்குப் பக்கத்தில் நின்ற ஆளுக்குத்தான் அது தெரியும். "எங்கள் பொருட்கள் அனைத்தும் 100 வீதம் இயற்கையானவை" என்று பதில் போட்டால், வாங்கினவருக்குச் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது.

அப்புறம், யார் பேஜின் சொந்தக்காரர் என்ற கதை. பேஜையும் விளம்பரக் கணக்கையும் ஏஜென்சியே தன் பெயரில் தொடங்கித் தருகிறது. "உங்களுக்கு ஏன் கரைச்சல் அண்ணை, நாங்கள் பார்க்கிறம்" என்பார்கள். ஒருநாள் காசில் தகராறு வந்து விலகினால், அவ்வளவு காலம் சேர்த்த ஆக்களும் விளம்பர பூஸ்டுக்குக் கொட்டின காசின் பலனும் அவர்கள் கையில். பேஸ்புக்கில் ஒருவருக்கு முழுக் கட்டுப்பாட்டைக் கொடுக்காமல், மெசேஜுக்குப் பதில் போடவோ விளம்பரம் போடவோ மட்டும் அனுமதி கொடுக்கலாம். பாஸ்வேர்ட் கொடுக்கத் தேவையே இல்லை. பாஸ்வேர்டைத் தரமாட்டேன் என்றால் கோபிக்கிற ஏஜென்சியிடம் இருந்து அன்றைக்கே எழும்பி வந்துவிட வேணும்.

இன்பொக்ஸில் இருப்பது கேள்வி மட்டும் இல்லை. வீட்டு முகவரி, போன் நம்பர், யார் வெளிநாட்டில் இருந்து யாருக்குக் காசு கட்டுகிறார் என்ற விபரம் எல்லாம் கிடக்குது. எங்கட ஊரில் ஒரு வீட்டுக்கு வெளிநாட்டுக் காசு வருகிறது என்பது லேசான தகவல் இல்லை, அதை விளங்கப்படுத்தத் தேவையும் இல்லை. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டத்தை விடுங்கோ, நம்பி விலாசம் தந்த மனிசருக்கு நாங்கள் என்ன பதில் சொல்லுவம்?

அப்ப இரவு மெசேஜுக்கு யார் பதில் போடுவது? என் பதில்: வன்னிக்குள்ளேயே ஆளைத் தேடுங்கோ. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கு. படித்துவிட்டு அரசாங்க வேலைக் கடிதத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கினம். கைக்குழந்தையோடு கொழும்புக்குப் போக முடியாத பெண்கள் இருக்கினம். எங்களுக்குப் பதில் போடுகிற தங்கச்சி அப்படி ஒருத்திதான். இரவு பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு இருக்கிறவள். வட்ஸ்அப் பிஸ்னஸில் ஒரே நம்பரை முதல் போனோடு இன்னும் 4 கருவிகளில் இணைக்கலாம், அதனால் சிம் என்னிடமே இருக்கு. விலை, டெலிவரிக் கூலி, வங்கிக் கணக்கு இலக்கம் இவற்றுக்குத் தயார்ப் பதில்கள் எழுதி வைத்திருக்கிறோம். மற்றதை அவள் தன் பாட்டில் கதைப்பாள். புதுத் தூள் இடிக்கிற அன்று ஆலைக்கு வந்து உள்ளங்கையில் கொஞ்சம் போட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு போவாள். ஒருமுறை "இந்தத் தடவை கறிவேப்பிலை வாசம் குறைவு அண்ணை" என்று எனக்கே சொன்னாள். உண்மைதான், இலை வாடிப் போனது வந்திருந்தது. தெரியாத கேள்வி வந்தால் "விடியக் கேட்டுச் சொல்லுறன் அக்கா" என்று போடுவாள். வாங்குகிறவர் விடியும் வரை காத்திருக்கிறார், ஒருவரும் கோபிக்கவில்லை. கணக்குப் பார்த்தால் அந்தத் தங்கச்சிக்குக் கொடுப்பது ஏஜென்சி கேட்கிற காசைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கூடக் கொடுக்க வேண்டி வந்தாலும் கொடுப்பேன்.

சமூக ஊடகத்தை நம்பி மட்டும் இருக்கவும் ஏலாது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தோடு அரசாங்கம் பேஸ்புக்கை மறித்தது, 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு மறித்தது, 2022 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மறித்தது. அந்த 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமலும் இருந்தோம், டவர் பற்றரியும் இறங்கிவிடும். ஆகவே ஓடர் எல்லாம் எங்களிடம் ஒரு சிஆர் கொப்பியிலும் எழுதப்படுகிறது. சிரிக்கிறவர் சிரிக்கட்டும்.

இனி, "ஏன் ஆள், ஏஐ பொட் ஒன்று போட்டால் 24 மணித்தியாலமும் பதில் போகுமே" என்று கொமென்டில் கேட்கப்போகிற தம்பிமாருக்கு முன்கூட்டியே சொல்கிறேன். மாங்குளத்துக்கு டெலிவரி எவ்வளவு, ஞாயிறு திறப்போ, இதற்குப் போடுங்கோ, எனக்கும் விருப்பம்தான். தமிழை இங்கிலிஷ் எழுத்தில் அடித்து, பாதியை வொயிஸ் மெசேஜில் சொல்லி, நடுவில் தன் பேரப்பிள்ளையின் படத்தையும் அனுப்புகிற கனடா மார்க்கம் மாமிக்கு அது என்ன பதில் போடுகிறது என்று முதலில் சோதித்துப் பாருங்கோ. சோதித்துவிட்டு இங்கே கீழே ஸ்கிறீன்ஷொட் போடுங்கோ, நம்பரையும் பெயரையும் மறைத்துவிட்டு.