அந்தச் செய்தியை நானும் அனுப்பினேன்

சென்ற சனிக்கிழமை உறவுக்காரர் வீட்டுத் திருமணம். மண்டபத்தில் எங்கள் மேசைப் பேச்சு எப்படியோ ரொஹிங்யாக்கள் பக்கம், பர்மாவிலிருந்து (இன்றைய மியன்மார்) மலேசியாவுக்குத் தப்பி வந்த முஸ்லிம் சிறுபான்மையினர் பக்கம், திரும்பியது. "செலாயாங் பசார்ல போய்ப் பாரு, முழுக்க அவனுங்கதான். நம்ம ஆளுங்க நீல ஐசிக்கு அலையா அலையுறாங்க. இவனுங்களுக்கு நாளைக்கே தூக்கிக் குடுத்துருவான்" என்றார் மாமா. செலாயாங் பசார் கோலாலம்பூரின் மொத்தச் சந்தை; நீல ஐசி மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை. மேசையில் எல்லாரும் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

மாமாவின் ஆத்திரம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அவருடைய அக்கா இந்த மண்ணில், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அறுபது வயதைத் தாண்டியும் கையில் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டைதான். ஓட்டுப் போட முடியாது. விண்ணப்பம் போட்டுப் போட்டுக் காலம் போனது. வந்ததெல்லாம் காரணம் சொல்லாத நிராகரிப்புக் கடிதம். நம்மில் எத்தனை குடும்பங்களில் இதே கதை! அந்தக் காயத்தை நான் சிறியதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அக்காவுக்கு வரவேண்டிய நீல அட்டையை எந்த ரொஹிங்யாவும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

அவர்களுக்கு இங்கே என்னதான் கிடைத்தது? 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவே இல்லை. நம் குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்று ஒரு பிரிவே கிடையாது. ஐநா அகதிகள் நிறுவனம் தரும் அட்டை வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் பெர்மிட் இல்லாத அந்நியர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரொஹிங்யாக்கள் பல ஆண்டுகளாகச் சட்டப்படி வேலை செய்ய அனுமதியில்லாமல், பிள்ளைகளை அரசாங்கப் பள்ளிக்கு அனுப்ப வழியில்லாமல் இங்கே காலம் தள்ளியிருக்கிறார்கள். அரசாங்க மருத்துவமனையில் அந்த அட்டையைக் காட்டினால் அந்நியர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. மீதிப் பாதியே நாம் கட்டுவதைவிடப் பல மடங்கு. இங்கே பிறக்கும் அவர்கள் குழந்தைக்குக் குடியுரிமையும் இல்லை.

இனி, நான் செய்ததைச் சொல்கிறேன்.

2020 ஏப்ரல். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். செலாயாங் வட்டாரத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். கோவிட் பயம், வேலை போய்விடுமோ என்ற பயம், கையில் எந்நேரமும் கைப்பேசி. அப்போதுதான் அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தது: ரொஹிங்யா தலைவர் ஒருவர் மலேசியக் குடியுரிமை கேட்கிறாராம். அவர் அப்படிக் கேட்கவே இல்லை, மறுப்பும் சொன்னார். மறுப்பை யார் படித்தார்கள்? ராத்திரி பதினோரு மணிக்கு அதை மூன்று குழுக்களுக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. "பாத்தீங்களா இவங்க தைரியத்த" என்று ஒரு வரி வேறு சேர்த்தேன்.

சில நாட்களில் அவர்களை வெளியேற்றச் சொல்லி இணையத்தில் மனுக்கள் பறந்தன. கொல்லச் சொல்லியும் எழுதினார்கள். ரொஹிங்யாக்களுக்கு இங்கே எந்த உரிமையும் இல்லை, எதையும் கேட்க அடிப்படையும் இல்லை என்று உள்துறை அமைச்சர் அறிக்கை விட்டார். மே தினத்தன்று மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில், நாம் சேலை வாங்கப் போகும் அதே தெருக்களில், சோதனை நடத்தி நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துப் போனார்கள். வெறுப்புப் பேச்சை நிறுத்தச் சொல்லி 84 அமைப்புகள் பிரதமருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது.

அதே ஏப்ரலில் லங்காவிப் பக்கம் வந்த ஒரு படகை, ஏறக்குறைய 200 பேரோடு, நம் கடற்படை திருப்பி அனுப்பியது. அதே வாரம் இன்னொரு படகிலிருந்து 400 பேர் அளவில் வங்காளதேசக் கடலோரக் காவல் படை மீட்டது. மலேசியாவில் கரையேற முடியாமல் இரண்டு மாதம் கடலில் கிடந்தவர்கள். பலர் படகிலேயே செத்துப் போயிருந்தார்கள். உணவோ குடிநீரோ இல்லை. அந்தப் படகை நான் அனுப்பிய வரிதான் திருப்பியது என்று சொல்லவில்லை. திருப்பியபோது நாட்டில் கைதட்டல் கேட்டதே, அதில் என் கையும் இருந்தது.

இதே நாடுதான் 2016 டிசம்பரில் தித்திவங்சா அரங்கத்தில் ரொஹிங்யாக்களுக்காகப் பேரணி நடத்தியது. அன்றைய பிரதமரே மேடையேறி, இனப்படுகொலையைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டோம் என்றார். நாலே வருடத்தில் அந்த இரக்கம் எங்கே போனது? ரொஹிங்யாக்கள் மாறவில்லை. பிச்சைபோல் போட்ட இரக்கம் அது. எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்காததால், கொடுத்தவர்களே ஒரே மாதத்தில் திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்தது.

2022 ஏப்ரல் 20 அதிகாலை, சுங்கை பாக்காப் குடிநுழைவுத் தடுப்பு முகாமிலிருந்து 528 ரொஹிங்யாக்கள் தப்பி ஓடினார்கள். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி 6 பேர் செத்தார்கள், அதில் இரண்டு குழந்தைகள். அந்தச் செய்திக்குக் கீழே சிரிப்பு முகங்கள் போட்டிருந்தார்கள். சில பெயர்கள் தமிழ்ப் பெயர்கள். அந்தக் குழந்தைகளை எதற்காக அடைத்து வைத்திருந்தோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பர்மாவில் அவர்களை 'கலா' என்று இழித்துப் பேசுவார்கள். இந்திய வம்சாவளி ஆட்கள் எல்லாருக்கும் அங்கே அதே சொல்தான், ரங்கூன் தமிழர்களுக்கும். 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகளை அரசுடைமையாக்கி, லட்சக்கணக்கான இந்தியர்களை வெறுங்கையோடு கப்பலேற வைத்தது அந்த ராணுவம். ரொஹிங்யாக்களை நாடற்றவர்களாக்கிய 1982 குடியுரிமைச் சட்டமும் அதே நே வின் காலத்தில் வந்ததுதான். இங்கே நம்மை "பாலிக் இந்தியா" (இந்தியாவுக்கே திரும்பிப் போ) என்று கத்தும்போது நமக்கு வயிறு எரிகிறது. வந்தேறி என்ற சொல்லின் எடை நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதைத் தூக்கி இன்னொருவர் தலையில் எப்படி வைக்கிறோம்?

பசாரில் உரசல் இல்லை என்று நான் சொல்லவில்லை. அடுத்தவர் பெயரில் இருக்கும் லைசென்ஸில் கடை நடத்துகிறார்கள் என்று வியாபாரிகள் குமுறுவதில் நியாயம் உண்டு. ஆனால் லைசென்ஸை வாடகைக்கு விட்டு மாதாமாதம் காசு வாங்குவது யார்? நம் ஆட்கள்தான். குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கிறார்கள் என்று மூட்டை தூக்க அவர்களை வைத்துக்கொள்வதும் நாம்தான். வேலை செய்ய முறையான அனுமதி கொடுத்தால் அந்தக் குறைந்த சம்பளமும் உயரும், நம் பிள்ளைகளின் சம்பளமும் கீழே இழுபடாது.

நேற்று மாமாவுக்குப் போன் செய்தேன். முக்கால் மணி நேரம் பேசினோம். 2020இல் நான் அனுப்பிய செய்தி பொய் என்று முதலில் சொன்னேன், அவருக்கும் அனுப்பியிருந்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இருந்தாலும் அவனுங்க கூட்டம் ஜாஸ்திதான்" என்றார். ஒத்துக்கொள்ளவில்லை. போனை வைக்கும் முன், அக்காவின் பழைய விண்ணப்பத் தாள்களைத் தேடி எடுத்து வைக்கச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போகிறோம்.